ஒரே கிரியாட்டினின், இரண்டு விடை: அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் கிட்னி ஏன் முன்னதாகவே கெடுகிறது?

வளவன்மகள் எழுதியது:

அமெரிக்காவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒன்றை இங்கே கேட்டுவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

விடியற்காலை 4.30-க்கு மெஷின்களைச் சோதித்துத் தயாராக வைத்தால், 5 மணிக்கெல்லாம் முதல் ஷிஃப்ட் ஆட்கள் வந்துவிடுவார்கள். எடை பார்த்துவிட்டு அவரவர் நாற்காலியில் உட்கார்வார்கள். ஊசி போடுமுன் கையில் இருக்கும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். பூனை மடியில் படுத்து உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் அன்றைய நாள் நல்லபடியாகத் தொடங்கும். இப்படி ஒரு நாளில் நான் தொட்டுப் பார்க்கும் கைகளில் பெரும்பாதி கறுப்பினத்தவருடையது. நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 13 சதவீதம்தான். கிட்னி செயலிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள். அதிலும் வயது! 38, 41 என்று வருகிறார்கள். வெள்ளையர்கள் அந்த நாற்காலிக்கு வரும்போது பெரும்பாலும் தலை நரைத்திருக்கும்.

ஃபைலில் காரணம் என்ற இடத்தில் பாதிப் பேருக்கு 'உயர் ரத்த அழுத்தம்' என்று எழுதியிருக்கும். கூட வேலை பார்ப்பவர்களைக் கேட்டால், "அவங்க உடம்பே அப்படித்தான்" என்கிறார்கள். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உண்மையிலேயே உடம்பா, வாழ்க்கையா, வைத்தியமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நீலவானம் எழுதியது:

அக்கா, நான் படித்தது இது. அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது வாந்தி, பேதி, வியர்வையில் உப்பை இழந்து பல பேர் இறந்தார்களாம். உப்பை விடாமல் பிடித்துவைக்கும் உடம்பு உள்ளவர்கள்தான் பிழைத்தார்களாம். அவர்களுடைய வம்சம்தான் இன்றைய அமெரிக்கக் கறுப்பினத்தவர், அதனால்தான் பி.பி. ஏறுகிறது என்று ஒரு விளக்கம். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது.


தரவுக்காரி எழுதியது:

நீலவானம், அந்தக் கதை டிவி வரைக்கும் போய்ப் பிரபலமானது. ஆனால் அடிமை வணிகத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பிலிப் கர்ட்டின் என்ற வரலாற்றாசிரியர் 1992-லேயே அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று எழுதிவிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் உப்புப் பஞ்சம் இருந்ததாகவும், கப்பலில் இறந்தவர்கள் முக்கியமாக உப்பு இழந்தே இறந்ததாகவும் காட்ட முடியவில்லை.

அதைவிடப் பலமான பதில் ரிச்சர்ட் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழுவிடம் இருக்கிறது. அவர்கள் ஒரே பூர்வீகம் கொண்ட மக்களை மூன்று இடங்களில், ஒரே முறையில் பி.பி. பார்த்து ஒப்பிட்டார்கள். 1997-இல் வந்த முடிவு: மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். கரீபியனில் 26. அமெரிக்காவில் 33. கப்பல் போன பாதையிலேயே எண் ஏறுகிறது. சரி, இதைக் கப்பல் கதைக்குச் சாதகமாகக்கூட ஒருவர் வாதாடலாம். அதனால் 2005-இல் அதே குழு வெளியிட்ட இன்னொரு ஒப்பீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அதில் ஐரோப்பிய நாடுகளையும் சேர்த்தார்கள். நைஜீரியா சுமார் 14 சதவீதம். ஜெர்மனி 55!

கறுப்புத் தோலே காரணம் என்றால் நைஜீரியா ஏன் அடியில் இருக்கிறது? வெள்ளைத் தோல் காப்பாற்றும் என்றால் ஜெர்மனி ஏன் உச்சியில் இருக்கிறது? அமெரிக்காவுக்குள் மட்டும் நின்றுகொண்டு கறுப்பு, வெள்ளை என்று இரண்டு பத்தி போட்டுப் பார்த்தால் அது இன வித்தியாசமாகத் தெரிகிறது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இடம், எடை, உப்பு, வேலை, மன அழுத்தம் எல்லாம் கலந்து நிற்கிறது.


நெஃப்ரான்2 எழுதியது:

நான் சிறுநீரக மருத்துவன். தரவுக்காரி சொன்னது பி.பி.க்கு முழுக்கச் சரி. ஆனால் கிட்னி விஷயத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளவன்மகள், ஃபைலில் 'உயர் ரத்த அழுத்தத்தால் கிட்னி கெட்டது' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதை எப்படி எழுதினார்கள் தெரியுமா? பெரும்பாலும் பயாப்சி (கிட்னியில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்யாமல்தான். நோயாளி வருகிறார், கறுப்பினத்தவர், சர்க்கரை இல்லை, பி.பி. 190, கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு, கிட்னி கெட்டால் ஏறும்) 5. உடனே பி.பி. தான் காரணம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கிட்னி கெட்டாலும் பி.பி. ஏறும். எது முன்னால் வந்தது என்று யாரும் பார்த்ததில்லை.

இந்தச் சந்தேகத்தை வலுவாக்கியது ஆஸ்க் என்ற ஆய்வு. பி.பி.யும் கிட்னிக் கோளாறும் உள்ள 1,094 கறுப்பின அமெரிக்கர்களை வைத்துச் செய்தது. பி.பி.யை நன்றாகக் குறைத்தும் பலருக்குக் கிட்னி இறங்கிக்கொண்டே போனது. பி.பி. மட்டும்தான் வில்லன் என்றால் அப்படி நடந்திருக்கக் கூடாது.

2010-இல் விடையின் ஒரு பெரிய துண்டு கிடைத்தது. 22-ஆவது குரோமோசோமில் உள்ள ஏபிஓஎல்1 என்ற மரபணு. அது செய்யும் புரதம் நம் எல்லோர் ரத்தத்திலும் இருக்கிறது. செட்சி ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க் கிருமியின் உடம்பில் ஓட்டை போட்டு அதைக் கொல்வதுதான் அதன் வேலை. கிருமியும் சும்மா இருக்கவில்லை, ஒரு வகைக் கிருமி இந்தப் புரதத்தை மடக்கக் கற்றுக்கொண்டது. அப்போது ஆப்பிரிக்காவில் சில பேருக்கு மரபணுவில் சின்ன மாற்றம் வந்தது. ஜி1, ஜி2 என்று பெயர். மாறிய புரதம் கிருமியின் பிடியில் சிக்காது. மாற்றம் உள்ளவர்கள் பிழைத்தார்கள், அவர்களின் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் மாறியதாக அமைந்தால்தான் பெரிய சிக்கல். கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் உருண்டைகள் இருக்கின்றன இல்லையா, அதன் மேல் விரல் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் செல்கள் உண்டு. கிருமிக்கு ஓட்டை போட்ட அதே புரதம் இந்தச் செல்களையும் சேதப்படுத்துகிறது. இவை செத்தால் திரும்ப முளைக்காது. வடிகட்டி ஒழுகும், சிறுநீரில் புரதம் போகும், சிறுநீர் நுரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வடு விழும். அப்புறம்தான் பி.பி. ஏறும். நாம் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்து, பி.பி. தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதியும் ஆபத்தான வகை. 2013-இல் ஆஸ்க் நோயாளிகளிலேயே இதைப் பார்த்தபோது, அந்த இரண்டு பிரதி உள்ளவர்களுக்குத்தான் நோய் வேகமாக ஓடியிருந்தது.


நீலவானம் எழுதியது:

அப்படியானால் டாக்டர், கடைசியில் "அவங்க உடம்பே அப்படித்தான்" என்பது உண்மைதானே? மரபணு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.


நெஃப்ரான்2 எழுதியது:

இல்லை. தயவுசெய்து இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

எத்தியோப்பியர்களிடம் இந்த மாற்றம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அமெரிக்காவில் விண்ணப்பப் படிவத்தில் அவர்களும் 'கறுப்பினத்தவர்' என்றுதான் எழுதுவார்கள். அதே சமயம் கரீபியன் பூர்வீகமுள்ள ஒரு லத்தீன் அமெரிக்கர் படிவத்தில் வேறு கட்டத்தில் டிக் அடிப்பார், ஆனால் அவருக்கு இரண்டு பிரதியும் இருக்கலாம். ஆக, கட்டத்தைப் பார்த்தால் இருவரையுமே தவறாக எடைபோடுவோம்.

இன்னொன்று. 13 சதவீதம் என்றால் 87 சதவீதம் பேருக்கு அந்த ஜோடி இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் கிட்னி செயலிழப்பதில்லை. ஏதாவது இரண்டாவது அடி விழ வேண்டும். எச்.ஐ.வி. தொற்று அதில் மிக மோசமானது, கோவிட் வந்தபோதும் சிலருக்குப் பார்த்தோம். மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்து 2024-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, ஒரு பிரதி மட்டும் இருந்தாலே ஆபத்து ஓரளவு கூடுகிறது என்று காட்டியது. நாங்கள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு நல்ல செய்தி. இந்தப் புரதத்தின் வேலையையே தடுக்கும் இனாக்சாப்ளின் என்ற மாத்திரை சோதனையில் இருக்கிறது. 2023-இல் வந்த முதல் முடிவில், ஒழுங்காக மாத்திரை எடுத்த 13 பேருக்கு 13 வாரத்தில் சிறுநீரில் போகும் புரதம் சராசரியாக 47.6 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் 20 வருடமாக 'பி.பி.யைக் குறையுங்கள்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாமல் இருந்தவனுக்கு அந்த எண்ணைப் படித்தபோது எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.


சோதனைக்குழாய் எழுதியது:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், நாங்கள் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

சில வருடம் முன்புவரை எங்கள் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குக் கீழே இரண்டு வரி இருக்கும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு, அதாவது இ-ஜிஎஃப்ஆர். முதல் வரி பொதுவாக. இரண்டாவது வரி, 'கறுப்பினத்தவராக இருந்தால்'. ஒரே ஆள், ஒரே குழாய் ரத்தம், ஒரே கிரியாட்டினின், இரண்டு விடை. கறுப்பினத்தவருக்கான விடை எப்போதும் கூடுதலாக இருக்கும். எம்டிஆர்டி என்ற பழைய கணக்குச் சூத்திரத்தில் 1.212-ஆல் பெருக்கினார்கள். 2009-இல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தில் 1.159-ஆல். ஒரே கிரியாட்டினினில் கறுப்பினத்தவருக்கு நேரடியாக அளந்த ஜிஎஃப்ஆர் (கிட்னி உண்மையில் வடிகட்டும் வேகம்) கூடுதலாக வந்தது என்பதுதான் அடிப்படை. அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினினும் அதிகம் என்று அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் மாற்றுக் கிட்னிக்கான பட்டியலில், டயாலிசிஸுக்கு முன்பே காத்திருப்புக் காலம் எண்ணத் தொடங்க, இ-ஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒருவருக்குக் கணக்கு 18 என்று வருகிறது. வெள்ளையராக இருந்தால் அன்றைக்கே காலம் எண்ணத் தொடங்கலாம். கறுப்பினத்தவராக இருந்தால் 18-ஐ 1.159-ஆல் பெருக்கு, 20.9. "இன்னும் நேரம் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாங்க."

நான் அந்தத் தாள்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கிறேன். ஒரு முறை கவுன்டரில் ஒரு பெண்மணி தாளைத் திருப்பிக் காட்டி, "என் அம்மா வெள்ளை, அப்பா கறுப்பு, நான் எந்த வரியைப் படிக்கணும்?" என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டு பெரிய சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து அமைத்த குழு, இனத்தை எடுத்துவிட்ட புதிய சூத்திரத்தைப் பயன்படுத்தச் சொன்னது. இரண்டாவது வரி போனது.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

சோதனைக்குழாய் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். அந்தப் பெருக்கல் யாரோ வெறுப்பில் போட்டதில்லை. கறுப்பின நோயாளிகளுக்கு உண்மையான ஜிஎஃப்ஆரை நேரடியாக அளந்தபோது, கிரியாட்டினின் வைத்துப் போட்ட கணக்கு சராசரியாகக் குறைத்துக் காட்டியது. அதைச் சரிசெய்யத்தான் எண்ணைச் சேர்த்தார்கள். இப்போது எடுத்துவிட்டதால் புதிய சூத்திரம் கறுப்பினத்தவருக்குக் கொஞ்சம் குறைத்தும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூட்டியும் காட்டுகிறது. குறைத்துக் காட்டினால் சில மருந்துகளின் அளவைத் தேவையில்லாமல் குறைப்பார்கள். கிட்னி தானம் தர வந்த கறுப்பின அண்ணனையோ தங்கையையோ உங்கள் கிட்னி போதாது என்று திருப்பி அனுப்பலாம். அதுவும் அநியாயம்தானே?


நெஃப்ரான்2 எழுதியது:

எண்ணும்எழுத்தும் சொல்வது நியாயமான கவலை. குழுவுக்குள்ளும் இதே விவாதம்தான் நடந்தது. என் பதில் இதுதான்: கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, அதுவே பலவீனமான அளவுகோல். முக்கியமான முடிவு எடுக்கும்போது சிஸ்டாட்டின் சி பாருங்கள். அது உடம்பின் எல்லாச் செல்லும் வெளியிடுவது, தசையின் பிடி அதில் ரொம்பக் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் 2021 சூத்திரத்தில் இனத்தைக் கேட்காமலே விடை நன்றாக வருகிறது. நீங்கள் சொன்ன தானம் தருபவருக்கு இதையும், நேரடி அளவையும் செய்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம். தசை அதிகமா என்று தெரிய வேண்டுமானால், எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே தெரியும். அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று பார்ப்பதால் தெரியாது.


தென்றல் எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. அந்தச் சூத்திரத்தில் நம்மைப் போன்ற தெற்காசியர்கள் எந்த வரி?


சோதனைக்குழாய் எழுதியது:

முதல் வரிதான். கறுப்பினத்தவர், மற்றவர் என்று இரண்டே பிரிவு. உலகத்தில் மீதி அத்தனை பேரும் 'மற்றவர்'. ஒல்லியான, தசை குறைந்த ஒருவருக்குக் கிரியாட்டினின் குறைவாகவே காட்டும், கிட்னி நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர்களும் சிஸ்டாட்டின் சி கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.


தரவுக்காரி எழுதியது:

மருந்தையும் பேசிவிடலாம். கறுப்பினத்தவருக்கு 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள் (லிசினோப்ரில், ராமிப்ரில்) வேலை செய்யாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். டாக்டர், எவ்வளவு உண்மை?


நெஃப்ரான்2 எழுதியது:

பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. தனியாகக் கொடுத்தால் பி.பி. சராசரியாகக் குறைவாகத்தான் இறங்குகிறது. 2002-இல் வந்த ஆல்ஹேட் ஆய்வில், லிசினோப்ரில் எடுத்த கறுப்பினத்தவருக்கு, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் 40 சதவீதம் அதிகம். உதடும் நாக்கும் வீங்கும் பக்கவிளைவும் அவர்களுக்குக் கூடுதல். அதனால் வெறும் பி.பி.க்கு அம்லோடிபைனோ சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ முதலில் கொடுக்கச் சொல்கிறார்கள். சரி.

ஆனால் சிறுநீரில் புரதம் போகிறவருக்குக் கதை வேறு. ஆஸ்க் ஆய்வில் கிட்னியைக் காப்பாற்றியது ராமிப்ரில்தான். அம்லோடிபைன் பிரிவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் பங்கெடுத்த எல்லோரும் கறுப்பினத்தவர்! "அவங்களுக்கு வேலை செய்யாது" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு, புரதம் ஒழுகும் ஆளுக்கு அம்லோடிபைன் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரியும். சிறுநீரை ஒரு சின்னக் கப்பில் பிடித்து அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்திருந்தால் போதும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

மருத்துவக் காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன், என் பங்கு இது. 1972-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. கிட்னி செயலிழந்துவிட்டால், வயது என்னவாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஏற்கும். நல்ல சட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. ஆனால் கிட்னி கெடுமுன் இருக்கும் 15 வருடத்துக்கு அப்படி ஒரு உறுதி இல்லை. 35 வயதில் காப்பீடு இல்லாமல் பி.பி. மாத்திரையை விட்டுவிட்டு வாங்கி விழுங்கியவர், 50 வயதில் வாரம் மூன்று முறை மெஷினில் உட்காரும்போது அரசு பணம் கட்டுகிறது. காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் அதிகம். இதற்கு மரபணு வேண்டியதில்லை.

வழி இருக்கிறது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2018-இல் முடிவு வந்த ஓர் ஆய்வு: லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவரின் குழு, கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் 52 சலூன்களைத் தேர்ந்தெடுத்தது. பி.பி. அதிகமுள்ள 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் முடிவெட்டுபவர் அறிவுரை மட்டும் சொன்னார். மீதியில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அங்கேயே பி.பி. பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் வகையில் மேல் அளவு 9 புள்ளி குறைந்தது. இரண்டாவதில் 27! அந்த இரண்டாவது வகையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 130/80-க்குக் கீழே வந்தார்கள். அதே மனிதர்கள், அதே உடம்பு. நம்பிக்கையான இடத்தில், தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில், மருந்து கைக்கு வந்தது. அவ்வளவுதான் மாறியது.


நீலவானம் எழுதியது:

கப்பல் கதையை நான் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் திரும்பப் போய்ப் பேச வேண்டும். சோதனைக்குழாய் அண்ணா, அந்த 20.9 கணக்கில் காலத்தை இழந்தவர்களுக்கு ஏதாவது செய்தார்களா?


சோதனைக்குழாய் எழுதியது:

செய்தார்கள். 2023 ஜனவரியில் விதி மாறியது. பட்டியலில் இருக்கும் கறுப்பினத்தவரின் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொரு மருத்துவமனையும் தோண்டி எடுத்து, இனம் சேர்க்காத கணக்கில் எந்தத் தேதியில் 20-க்கு வந்திருப்பார்கள் என்று பார்த்து, காத்திருப்புக் காலத்தை அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலம் திருத்தப்பட்டது, சராசரியாக இரண்டு வருடம் அளவுக்கு. அதற்கு முன்பே பட்டியலிலிருந்து உயிரோடு வெளியேறாதவர்களுக்கு எதுவும் செய்ய முடியவில்லை.


வளவன்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

இன்று காலை ஷிஃப்டில், ஏழாவது நாற்காலியில் உட்காரும் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். போன வருடங்களில் மருத்துவமனையிலிருந்து காத்திருப்புக் காலம் பற்றி ஏதாவது கடிதம் வந்ததா என்று. வந்ததாம். புரியாமல் டிராயரில் வைத்திருக்கிறாராம். வரும் புதன்கிழமை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், எங்கள் சமூகப் பணியாளரோடு உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.

டாக்டர் சொன்ன நுரை விஷயமும் மனதில் இருந்தது. அவரைக் கொண்டுவந்து விட்ட மகளுக்கு 26 வயது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், நீ எப்போதாவது சிறுநீரில் புரதம் பார்த்திருக்கிறாயா என்று. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். அப்பாவும் 26-இல் நன்றாகத்தான் இருந்தார் என்று நான் சொல்வதற்குள் அவரே கண்ணைத் திறந்து சொல்லிவிட்டார். அவள் கொஞ்ச நேரம் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை எடுத்து, அந்தப் பரிசோதனையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்.